நான் சென்ற ஒரு சுற்றுலா



இந்த வரிசையில் எனக்கு முன்னர் பேசியவர்கள் நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் பேசினார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது எந்த இலக்கிய வரலாற்று நூலிலும் இடம்பெறாத ஓர் எழுத்து வகை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் எல்லோரும் அதை எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ, தமிழ்க் கொப்பியில், இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதியது. தலைப்பு ‘நான் சென்ற ஒரு சுற்றுலா’.

அந்தக் கட்டுரை எப்படித் தொடங்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பிள்ளை அதிகாலையில் துயில் எழும்பும். காலைக் கடன்களை முடித்துக் கடவுளை வணங்கும். பெற்றோரிடம் விடைபெறும். பாடசாலை வாசலில் பேருந்து அலங்கரிக்கப்பட்டு நிற்கும். சரியாக ஐந்து மணிக்கு அது புறப்படும். பிறகு மலைகள், அருவிகள், தேயிலைத் தோட்டங்கள். பேராதனைப் பூங்கா வரும், கண்டி வாவி வரும், தெகிவளை மிருகக்காட்சிச்சாலை வரும், காலிமுகத்திடலில் சூரியன் மறையும். பிரிய மனமின்றி எல்லோரும் வீடு திரும்புவர். அந்த நாள் வாழ்வில் மறக்கமுடியாத நாள் என்று கடைசி வசனம் சொல்லும். ஒரே நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து போய் இத்தனையையும் பார்த்துத் திரும்பிய பிள்ளைகளின் கால்கள் என்ன கால்களோ தெரியவில்லை. அந்தக் கட்டுரையில் ஒரு பிள்ளையும் சத்தி எடுப்பதில்லை. ஒருவருடைய செருப்பும் அறுவதில்லை. காசு கட்ட முடியாமல் யாரும் வீட்டில் நின்றுவிடுவதில்லை.

பரீட்சைக்கு மனனஞ் செய்கிற கட்டுரைதானே, அதற்கு ஒரு வானொலிப் பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பிள்ளை தான் கண்டதைச் சொல் என்று முதன்முதலாகக் கேட்கப்படும் இடம் அது. அந்த இடத்திலேயே வேறொருவர் கண்டதை எழுதிப் புள்ளி வாங்கப் பழகிவிட்டால், பிறகு தன்னுடைய கண்ணைப் பற்றி அதற்கு ஒரு சந்தேகம் வந்துவிடும் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு முழுத் தலைமுறை இப்படி எழுதியது. 1902இல் யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை வந்தது. 1905இல் அது கொழும்பு வரை தொடர்ந்து இணைந்தது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது எல்லாம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்கு மேல் போயின. அதன் பின்னர் யாழ்ப்பாணம் நிலையத்துக்கு ஒரு ரயில் வந்து நின்றது 2014 அக்டோபர் 13இல்தான். இடையில் 24 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளை ‘புகையிரதம்’ என்ற சொல்லை எழுத்துப் பிழையின்றி எழுதும், பொருளைக் கண்டதில்லை. தொண்ணூறுகளின் முதற்பாதியில் மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டுக் கொளுத்திய விளக்கின் கீழே இருந்துதான் பிள்ளைகள் பேராதனைப் பூங்காவின் நிழல்மர வரிசையை வருணித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். வெளியுலகம் வந்த வழி அது. இந்த நிகழ்ச்சியை இன்று கேட்கும் பெரியவர்கள் சிலருக்குக் கை உளைந்தது ஞாபகம் இருக்கும்.

ரயிலைப் பற்றிப் பேசும்போது வங்காளத்து நாவல் ஒன்று நினைவுக்கு வருகிறது. விபூதிபூஷண் பந்தோபாத்தியாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ 1929இல் நூலாக வந்தது. அதில் துர்க்காவும் தம்பி அப்புவும் ரயில் பாதையைத் தேடிப் போகிறார்கள். எட்டமுடியாமல் திரும்பி வருகிறார்கள். துர்க்கா கடைசிவரை ரயிலைக் காணாமலே இறந்துபோகிறாள். 1955இல் சத்தியஜித் ராய் அதைப் படமாக்கியபோது அக்காளையும் தம்பியையும் வெள்ளை நாணற்பூக்களுக்கூடாக ஓடவிட்டு ரயிலைக் காட்டிவிட்டார். உலகம் அந்த ஓட்டத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ராயைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டவானவள் நாவலின் துர்க்காதான்.

யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளைகளுக்கே கொழும்பும் கண்டியும் இப்படிப் புத்தகத்துக்குள் இருந்தனவென்றால், அந்த யாழ்ப்பாண நகரத்தையே ஒரு தூரதேசமாகப் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன்.

குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகளில் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குத் தரைவழி உண்டு. கடலுக்கு மேலே தாம்போதி போட்டுத் தெருவாக்கிவிட்டார்கள். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்குக்கும் படகுதான். அவற்றுள்ளும் நெடுந்தீவு மிகத் தொலைவு. சுமார் 50 சதுர கிலோமீற்றர் நிலம். பவளப்பாறைக் கல்லை அடுக்கிய வேலிகள். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரம் ஒன்றின் பேரை வைத்து ‘டெல்வ்ற்’ என்று அழைத்த ஊர். நிர்வாகக் கணக்கில் அது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் நெடுந்தீவார் நகரத்துக்குப் புறப்படும்போது ‘யாழ்ப்பாணம் போறம்’ என்றுதான் சொல்வார்கள். தாங்கள் இருப்பது வேறிடம் என்பது அந்தச் சொல்லில் கிடக்கிறது.

அங்கேயுள்ள பாடசாலை ஒன்று பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா கொண்டுபோவதென்றால் முதலில் நாள் குறிக்கவேண்டும். முதலாந் தவணை இல்ல விளையாட்டுப் போட்டியோடு போய்விடும். இரண்டாந் தவணையில் வைத்தால் சோளகம் வீசும். மூன்றாந் தவணையில் வைத்தால் வாடையும் மழையும். எந்த நாளைக் குறித்தாலும் காற்றுக்கு ஒரு பங்கு உண்டு. பிறகு வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், பஸ்ஸுக்கு ஒழுங்கு, பிள்ளைக்கு இவ்வளவு என்று காசு. சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ரீச்சர், பின்னேரப் படகுக்குத் திரும்பிவிடுவியள்தானே?”

முதல் நாள் இரவே பயணம் தொடங்கிவிடும். தோய்த்துக் காய்ந்த வெள்ளைச் சட்டையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளை படுக்கும், நித்திரை கொள்ளாது. விடிய முதல் தாய் எழும்பிப் புட்டவித்து, முட்டைப்பொரியலோடு வாழையிலையில் கட்டுவாள். சிலர் சைக்கிள் பாரிலும் சிலர் லான்ட்மாஸ்ரர் பெட்டியிலுமாக மாவிலித்துறைக்கு வந்து சேர்வார்கள். துறையில் இருட்டு விலகும்போது ஒரு கூட்டமே நிற்கும். போகிறவர்கள் நாற்பது பேரென்றால் வழியனுப்ப வந்தவர்கள் எண்பது பேர். அங்கே கேட்கும் புத்திமதிகளை யாராவது பதிவுசெய்து வைத்தால் நல்லது.

“மோனை, ஓரத்திலை இராதை. ரீச்சருக்குப் பக்கத்திலை நடுவிலை இரு.”

“தேசிக்காயை மணந்துகொண்டிரு. தண்ணியைக் குனிஞ்சு பாராதை, தூரத்திலை பார்.”

“றோட்டைக் கடக்கேக்கை கையை விடாதை. இஞ்சத்தை றோட்டு மாதிரியில்லை.”

அந்தக் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் ஆச்சிமாரையும் பார்க்கவேண்டும். அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். படகில் ஏறும் தலைகளை எண்ணிக்கொண்டு நிற்பார்கள். 1985 மே 15ஆம் திகதி இந்தக் கடலில்தான் குமுதினிப் படகில் போய்க்கொண்டிருந்த ஊரவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. போன படகு எந்த நேரத்துக்கு எதிர்க்கரை சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒரு நாளில் அது நடந்தது. குமுதினி பின்னர் திருத்தப்பட்டு மீண்டும் அதே கடலில் ஓடியது. ஊரவர்கள் அதிலே ஏறிப் போய் வந்தார்கள். பிற்காலத்தில் வடதாரகை வந்தது, 2017இல் நெடுந்தாரகை வந்தது. படகு புதிதானாலும் எண்ணுகிற ஆச்சி எண்ணிக்கொண்டுதான் இருப்பாள்.

இன்னொரு காலமும் உண்டு. 1990ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து தீவகம் அரச படைகளின் கையிலும் குடாநாடு புலிகளின் கையிலுமாகப் பிரிந்து கிடந்தது. பண்ணைக் கடலுக்கு அப்பால் நகரம் கண்ணுக்குத் தெரியும், போகமுடியாது. 1995இன் முடிவில் யாழ்ப்பாண நகரம் படையினர் வசமான பிறகே அந்த வழி மெல்ல மெல்லத் திறந்தது. அந்த ஐந்தாண்டில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போன தீவுப் பிள்ளை ஒன்றுக்கு யாழ்ப்பாணம் என்பது வெறும் திசை. தன்னுடைய மாவட்டத் தலைநகரைப் பார்க்காமலே அது படித்து முடித்தது.

படகு புறப்பட்டபின் முதற் கால்மணி நேரம் பாட்டும் கூத்தும். பெடியன்களுக்கு அணியத்தில் நிற்க ஆசை; சேர் விடமாட்டார். கரை மறைந்து நடுக்கடல் தொடங்கியதும் பாட்டு நிற்கும். டீசல் மணம் மேலே வரும். முதலாவது பிள்ளை சத்தி எடுக்கும். அதைப் பார்த்து இரண்டாவது. சொப்பிங் பைகள் கைமாறும். தீவுப் பிள்ளைகளுக்குக் கடல் பழக்கம்தானே என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. மீன்பிடிக்கப் போகும் தகப்பனின் பிள்ளைக்கு ஓரளவு பழக்கம் இருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது சுற்றிவரக் கிடக்கிற வேலி. நயினாதீவுக் கோபுரம் தெரியத் தொடங்கும்போது அலை அடங்கும், முகங்கள் தெளியும். ஒரு மணி நேரத்தில் குறிகட்டுவான்.

குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் 30 கிலோமீற்றருக்கு மேல். புங்குடுதீவைக் கடந்து, வாணர் பாலம் என்று ஊரவர் சொல்லும் தாம்போதியால் வேலணைக்கு ஏறி, அல்லைப்பிட்டி தாண்டி, மண்டைதீவுச் சந்திக்கு வந்து, கடைசியில் பண்ணைப் பாலம். பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் பிள்ளைகள் எழும்பி நிற்பார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர், எதிரே நகரம். யார் முதலில் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கண்டது என்பதில் ஒரு சண்டை நடக்கும்.

நகரத்தில் ஆசிரியர்கள் காட்டுவதும் பிள்ளைகள் பார்ப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆசிரியை கோட்டையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போவார்: போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாக்கியது. பின்னால் வரும் பிள்ளை மதிலைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எங்கடை வேலிக் கல்லெல்லோ” என்று சொல்லும். அது சரியான கண்டுபிடிப்பு. கோட்டை மதிலிலும் பவளப்பாறைக் கல் இருக்கிறது. நெடுந்தீவிலேயே அதே கல்லாற் கட்டிய பழைய கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. ஆனால் அடுத்த இடத்துக்கு நேரமாகிவிடும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சந்தி விளக்கு சிவப்பாகும்போது எல்லா வாகனமும் நிற்பதைப் பிள்ளைகள் ரசித்துப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி வீதிக் கடைத்தொகுதியில் தானாக ஏறும் மின்படி இருக்கிறது. அதன் முதற் படியில் எந்தக் காலை வைப்பது என்ற ஆலோசனை பெரிய ஆலோசனை. நல்லூர்ப் பக்கம் போனால் ஐஸ்கிறீம். உயரமான கண்ணாடிக் குவளையில் மூன்று நிறத்தில் வரும் அதைச் சாப்பிடும்போது பேச்சு இருக்காது.

பொது நூலகத்துக்கும் கொண்டுபோவார்கள். 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்துபோன கட்டடம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மீளக் கட்டி வாசகருக்குத் திறந்தார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சத்தம் போடாதேயுங்கோ என்று சொல்லி, எரிந்த கதையைச் சொல்லி, மண்டபத்தைச் சுற்றிக் காட்டி, வெளியே சரஸ்வதி சிலைக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஒரு நூலை எடுத்து விரித்துப் பார்க்க நேரம் இருக்காது. எனக்கு இந்த இடத்தில் மனவருத்தம் உண்டு. புத்தகங்கள் எரிந்த கதையைக் கேட்ட பிள்ளை, எரியாமல் இருக்கும் புத்தகத்தில் ஒரு பக்கத்தையாவது வாசிக்கவேண்டாமா?

ஆசிரியர்களைக் குற்றஞ்சொல்ல முடியாது. கணக்குப் பாருங்கள். காலைப் படகைப் பிடித்து, கடலில் ஒரு மணி, பஸ்ஸில் ஒரு மணிக்கு மேல். நகரத்துக்கு வந்து சேரப் பத்து மணியளவாகும். பின்னேரப் படகைத் தவறவிடாமல் இருக்க இரண்டு மணிக்கு முன் திரும்ப பஸ் ஏறவேண்டும். படகு நேரங்கள் காலத்துக்குக் காலம் மாறும். கணக்கு ஏறத்தாழ இப்படித்தான் வரும். நாற்பது பிள்ளைகள், நாலு மணித்தியாலம், அதற்குள் கோட்டை, நூலகம், நல்லூர், மத்தியானச் சாப்பாடு, மலசலகூடம், ஐஸ்கிறீம். இந்தப் படகுக் கணக்குச் சுற்றுலாவோடு நிற்பதுமில்லை. தீவுக்கு வெளியேயிருந்து வரும் ஆசிரியர்களில் நாளாந்தம் காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் போகிறவர்களும் உண்டு. கடல் குழம்பிய நாளில் கணித பாடம் இல்லை. நகரத்துப் பாடசாலையில் மழை பெய்தால் வரவு குறையும். இங்கே காற்றடித்தால் பாடசாலையே குறைந்துவிடும்.

ஓர் இரவு தங்கிப் பார்த்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். நகரத்துப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்க இடம் கொடுத்தால் போதும். மாலையில் வீதி விளக்குகள் எரிவதைப் பார்க்கலாம், ரயில் வந்து நிற்பதைப் பார்க்கலாம், மறுநாட் காலை நூலகத்தில் இரண்டு மணித்தியாலம் இருக்கலாம். அந்தப் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது. பெண்பிள்ளைகளை இரவு வெளியில் விடப் பெற்றோர் தயங்குவார்கள் என்று சொல்வார்கள். தயங்குவார்கள்தான், அவர்களில் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போகலாமே.

இனி எழுத்துக்கு வருகிறேன். சில காலத்துக்கு முன் தீவுப் பக்கத்தில் படிப்பித்த ஆசிரியை ஒருவர் எனக்கு ஒரு கொப்பியைக் காட்டினார். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கட்டுரை. தலைப்பு நமக்குத் தெரிந்த அதே தலைப்பு. பிள்ளை முதல் ஒன்றேகால் பக்கமும் படகிலேயே இருந்தது. கரைக்குக் கிட்டப் பச்சையாக இருந்த தண்ணீர் எந்த இடத்தில் கறுப்பாயிற்று என்று எழுதியிருந்தது. படகில் யாரோ ஏற்றிய கிடாய் ஆடு பயத்தில் தன் சட்டையை மென்றதையும், தங்களுக்குத் தேசிக்காய் தந்த ரீச்சரே சத்தி எடுத்ததையும், அவருடைய நெற்றியைத் தானும் சிநேகிதியும் பிடித்ததையும், ரீச்சரின் நெற்றி தன் அம்மாவின் நெற்றியைப்போல் சுட்டதையும் எழுதியிருந்தது. நகரத்துக்கு அரைப் பக்கம். நூலகத்துக்கு ஒரு வசனம்: அங்கே நிலம் குளிர்ச்சியாக இருந்தது. கீழே சிவப்பு மையில் ‘சுற்றுலாவைப் பற்றி எழுதவும்’ என்று குறிப்பு. இருபதுக்கு ஒன்பது.

புள்ளி போட்டவர் வேறொருவர். “பரீட்சையிலை இப்படி எழுதினால் இதுதானே கிடைக்கும், அவர் பிள்ளைக்கு நல்லதைத்தான் நினைச்சுப் போட்டிருப்பார்” என்று கொப்பியைக் காட்டியவர் சொன்னார். அதிலும் நியாயம் உண்டு. புள்ளித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது முன்னுரை, உடல், முடிவுரை கேட்கிறது. சத்தி எடுத்த ரீச்சருக்கு அதில் இடமில்லை. ஆனால் அந்த ஒன்றேகால் பக்கத்தை நான் வாசித்தபோது, இவ்வளவு கிட்டத்தில் ஒரு எழுத்து நின்றுகொண்டிருக்கிறதே, இதை எங்கள் எழுத்தாளர்கள் ஏன் காணவில்லை என்றுதான் நினைத்தேன்.

நெடுந்தீவு எங்கள் இலக்கியத்தில் இல்லாத ஊரல்ல. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் அங்கேதான் நடக்கிறது. 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது. பருவத்துக்கு வந்து கரையில் வாடியடிக்கும் மீனவர்களும், அவர்களால் ஊரில் உண்டாகும் காதலும் பகையுமாக அந்தக் கதை போகும். அதில் பயணம் வெளியிலிருந்து தீவுக்கு வருகிறது. அதே செங்கை ஆழியான் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ என்ற நாவலில், ஊரை விட்டு வெளியே போயறியாத ஒரு மூதாட்டியை வெளியுலகத்துக்குக் கொண்டுபோய் வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தார். முதன்முதலாகப் புறப்படுகிறவரின் கண் எவ்வளவு பெரிய சொத்து என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கண்ணை அவர் ஒரு ஆச்சிக்குக் கொடுத்தார். ஒரு பிள்ளைக்கு யாரும் கொடுக்கவில்லை. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவழிக் கிராமம்’ 1995இல் வந்தது. சனங்கள் இடம்பெயர்ந்து வெறுமையான தீவு ஊரைப் பற்றிய கவிதைகள் அவை. தீவகத்தின் துயரத்தை அறிய விரும்புகிறவர் முதலில் எடுக்கவேண்டிய நூல் என்று அதை நான் சொல்வேன்.

போர்க்கால எழுத்தில் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் இறக்கிறார்கள். அல்லது மூட்டையோடு இடம்பெயர்கிறார்கள். அல்லது இயக்கத்துக்குப் போகிறார்கள். நடந்தது அப்படித்தான் என்பதால் அதை எழுதாமல் விடமுடியாது. ஆனால் காலையில் புறப்பட்டு, ஊர் பார்த்து, ஐஸ்கிறீம் சாப்பிட்டு, பின்னேரம் பத்திரமாக வீடு திரும்பும் ஒரு பிள்ளையை எங்கள் கதைகளில் நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு நாள் வாய்ப்பதற்கு எத்தனை விஷயங்கள் சரியாக அமையவேண்டும் என்பது துறையில் நின்று தலை எண்ணும் ஆச்சிக்குத் தெரியும்.

இப்போது எதிர்த்திசையிலும் பயணம் நடக்கிறது. போர் 2009இல் முடிந்தபின், நகரத்துப் பாடசாலைகள் நெடுந்தீவுக்குச் சுற்றுலா வருகின்றன. தென்னிலங்கையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பெருக்குமரத்தின் பொந்துக்குள் நுழைந்து பார்ப்பதும், வெளிகளில் மேயும் கட்டைக்குதிரைகளைப் படம் எடுப்பதும், கல்வேலியில் சாய்ந்து நிற்பதுமாக ஒரு பகல் போகும். விடுமுறை நாட்களில் படகில் வருகிறவர்கள் நிறைந்துவிட, ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ போய்த் திரும்பும் ஊரவர்கள் இறங்குதுறையில் காத்து நிற்கவேண்டியும் வருகிறது. வந்த பிள்ளைகள் வீடு போய் எழுதும் கட்டுரையில் குதிரை இருக்கும், மரம் இருக்கும். தீவில் தங்களுடைய வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பது இருக்குமோ தெரியாது. பேசியிருந்தால்தானே எழுதுவதற்கு.

இன்னும் ஒரு பயணத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் தீவுப் பிள்ளை பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கித்தான் படிக்கவேண்டும். ஏழாம் வகுப்பில் சுற்றுலா போன அதே பிள்ளை, பதினாறு பதினேழு வயதில் அதே துறையில் மறுபடியும் வந்து நிற்கும். இம்முறை பாட்டும் கூத்தும் இல்லை. ஒரு பெட்டி, ஒரு பாய், தலையணை, புழுக்கொடியல் கட்டிய பை. படகுக்காரர்களுக்குப் பிள்ளையைத் தெரியும்; பெட்டியை வாங்கி உள்ளே வைப்பார்கள். தாயும் கூட வருவாள். விடுதியில் சேர்த்து, வாளியும் சவர்க்காரமும் வாங்கிக் கொடுத்து, பொறுப்பாளரோடு பேசிவிட்டு, இரண்டு மணிக்கு முன் அவள் பஸ் நிலையத்துக்கு வரவேண்டும். பின்னேரப் படகு அவளுக்காகவும் நிற்காது.